வாய்விட்டுத்தான் வேண்டுவேன்

மார்ச் 3, செவ்வாய்

குளிர்காலம் முழுக்கச் சட்டத்தோடு ஒட்டிக்கிடந்த சமையலறை ஜன்னல் இன்று தள்ளியதும் திறந்துகொண்டது. எதிர்வீட்டு மரத்தில் இன்னும் ஒன்றுமில்லை, மொட்டைக் கிளைகள்தான். ஆனால் காற்றில் ஈரமண் வாசனை வந்துவிட்டது.

எங்கள் பிரார்த்தனைக் கூடத்தில் வசந்தகாலப் பிரார்த்தனை வருகிற ஞாயிறு தொடங்குகிறது. மரம் துளிர்ப்பதிலிருந்து இலை நிறைந்து நிழல் விழுகிறவரை, வேலைக்குப் போகும் முன் தினமும் காலையில் கூடி வேண்டுவோம். குளிரில் மண்ணோடு சேர்ந்து மனசும் இறுகிப்போகும், அதைக் கொத்திவிடத்தான் இந்தக் காலம் என்பார் கூடத்துத் தலைவர். வருஷாவருஷம் கேட்கிற பேச்சுதான். வருஷாவருஷம் எனக்கு அது உண்மையாகவும் இருந்திருக்கிறது. அதை மறுக்கமாட்டேன்.

முதல் பாட்டை எடுத்துக்கொடுப்பவள் நான். கொடுத்தவள்.

போன இலையுதிர் காலத்தில் கழுத்தில் கட்டி. அறுத்து எடுத்தார்கள். கெட்ட கட்டி இல்லை என்றதும் வீடே மூச்சுவிட்டது. ஆனால் அறுக்கும்போது குரலுக்குப் போகிற நரம்பு அடிபட்டுவிட்டது. மயக்கம் தெளிந்து தண்ணீர் கேட்டேன். என் வாயிலிருந்து துருப்பிடித்த கதவு பேசியது. இன்றுவரை அந்தக் கதவுதான் பேசுகிறது.

போவேனா? என்ன கேள்வி இது. போவேன்.

மார்ச் 8, ஞாயிறு

போனேன். அவர் காரில் கொண்டுபோய் விட்டார். என் வீட்டுக்காரர் லிஃப்ட் பழுதுபார்ப்பவர். கடவுளைப் பற்றிக் கேட்டால், மேலே போவதும் கீழே வருவதும் தனக்குத் தெரிந்த வேலை, அதற்கு மேல் தெரியாது என்பார். கூடத்து வாசலோடு சரி. உள்ளே வரமாட்டார். என்னைப் போகாதே என்றும் சொல்லமாட்டார்.

முதல் பாட்டைத் தலைவரின் மருமகள் எடுத்தாள். கல்யாணமாகி வந்து அதிக நாளாகாத பெண். நல்ல குரல். நல்ல குரல் என்று எழுதிவிட்டேன், அதற்கு மேல் எழுதச் சொல்லாதே.

பாட்டு முடிந்ததும் பொது வேண்டுதல். அவரவர் எழுந்து ஓரிரு வரி வாய்விட்டுச் சொல்லலாம். எழுந்தேன். “ஆண்டவனே” என்று தொடங்கினேன், அவ்வளவுதான். முன்வரிசையில் ஒரு குழந்தை திடுக்கிட்டுத் திரும்பிப் பார்த்துவிட்டு அம்மா மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டது. யாரோ சிரிப்பை இருமலாக மாற்றினார்கள். நான் முடித்துவிட்டுத்தான் உட்கார்ந்தேன். என்ன வேண்டினேன் என்பது மறந்துவிட்டது. இருமல் மட்டும் ஞாபகம் இருக்கிறது.

மார்ச் 11, புதன்

தலைவர் கோட்டு மாட்டும் இடத்தில் என்னைத் தனியாக நிறுத்தினார். கெட்டவர் இல்லை. நல்லதாகத்தான் பேசினார். தொண்டையை வருத்திக்கொள்ள வேண்டாமாம். பின்வரிசையில் ஹீட்டர் பக்கத்தில் கதகதப்பாக உட்காரலாமாம். மெல்ல மெல்லத்தான் விஷயம் வந்தது. இரண்டு குடும்பங்கள் பிள்ளைகள் பயப்படுகிறார்கள் என்றார்களாம்.

“மனசுக்குள்ள சொன்னாலும் ஆண்டவனுக்குக் கேட்கும்மா.”

“அப்போ நீங்க எதுக்கு மைக் வெச்சிருக்கீங்க?” என்றேன்.

வேடிக்கை பேசுவதாக நினைத்துச் சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

வெளியே வந்தால் அக்கா. கூடத்தில் இருக்கை ஒழுங்கெல்லாம் அவள் பொறுப்பு. ஹீட்டர் பக்கத்து நாற்காலியில் ஏற்கெனவே ஒரு மெத்தை போட்டு வைத்திருக்கிறாள். ஆக, அவளுக்கு முன்பே தெரியும். கூடப் பிறந்தவள்! என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. கொஞ்ச நாள்தானேடி, சரியானதும் முன்னாடி வந்துவிடலாம் என்றாள்.

சரியாகவில்லை என்றால்? அதைக் கேட்டேன். அவள் பேச்சை மாற்றிவிட்டாள்.

மார்ச் 15, ஞாயிறு

எனக்காக வேண்டினார்கள். முன்னால் அழைத்து நடுவில் நிற்கவைத்து, சுற்றி நின்று, தோளிலும் தலையிலும் கை வைத்து. இந்த வசந்தத்தில் பட்ட மரம் துளிர்ப்பதுபோல் இவள் குரல் துளிர்க்கவேண்டும் என்றார் தலைவர். கண்ணை மூடிக்கொண்டு நின்றேன். அக்காவின் கை எது என்று பார்க்காமலே தெரிந்தது. நடுங்கிக்கொண்டிருந்தது அதுதான்.

முடிந்ததும் எல்லோரும் என் வாயையே பார்த்தார்கள். ஏதாவது சொல்லவேண்டும்.

“நன்றி,” என்றேன். கரகரவென்று.

அந்த முகங்கள் சுருங்கியதைப் பார்க்கவேண்டுமே. பரிசு விழாத சீட்டைப் பார்ப்பதுபோல் பார்த்தார்கள்.

மார்ச் 16, திங்கள்

சலவைக்கூடத்தில் எனக்குப் பெயர் மேஸ்திரி. ஆஸ்பத்திரியின் நிலவறையில், உறுமுகிற இயந்திரங்களுக்கு நடுவே, எட்டு மாடிப் படுக்கைத்துணியும் எங்கள் கையால்தான் போய்வருகிறது. முன்பெல்லாம் நான் ஒரு குரல் கொடுத்தால் கோடியில் துணி மடிப்பவர்கள் வரை கேட்கும். இப்போது தொண்டை கிழியக் கத்தினாலும் உலர்த்தி இயந்திரம் விழுங்கிவிடுகிறது. ஒரு கரண்டியை எடுத்துக் குழாயில் தட்டப் பழகிவிட்டேன். ஒரு தட்டு என்றால் வண்டி வந்தாச்சு. இரண்டு என்றால் இயந்திரத்தை நிறுத்து. மூன்று தட்டினால் மேஸ்திரிக்குக் கோபம்.

யாரும் முகம் சுளிக்கவில்லை. அவர்களுக்கு வேலை நடந்தால் போதும். என்ன நிம்மதி, என்னைப் பார்த்துப் பரிதாபப்படாத மனிதர்களோடு இருப்பது!

மார்ச் 22, ஞாயிறு

மறுபடியும் நடுவில் நிற்கவைத்தார்கள். மறுபடியும் பட்ட மரம், துளிர். மறுபடியும் என் வாயைப் பார்த்தார்கள். மறுபடியும் அதே கதவு.

பிறகு தலைவர் தாழ்ந்த குரலில் கேட்டார், உள்ளே ஏதாவது கசப்பு இருக்கிறதா என்று. யாரையாவது மன்னிக்காமல் வைத்திருந்தால் அது அடைத்துக்கொண்டு நிற்குமாம்.

வீட்டுக்கு வந்து என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். லிஃப்ட் நின்றுபோனால் உள்ளே இருப்பவர் மனசு சரியில்லை என்று தான் ஒருநாளும் சொன்னதில்லை என்றார். சிரித்துவிட்டேன். பிறகு குளியலறைக்குப் போய் அழுதேன்.

மார்ச் 23, திங்கள்

கசப்பாம்!

இருக்கிறது, ஏன் இருக்காது? கத்தி பிடித்தது வேறொருத்தர் கை. நரம்பு போனது என் தொண்டையில். இதில் என் மனசைக் கிளறி என்ன தேடுறீங்க? குரல் வரலன்னா நான் பாவி, வந்துட்டா உங்க வேண்டுதலுக்குப் பலன். நல்ல கணக்குய்யா இது. எப்படிப் போட்டாலும் உங்களுக்கே விடை சரியா வருது.

அழுத்தி எழுதியதில் தாள் கிழிகிறது. கிழியட்டும்.

மார்ச் 25, புதன்

சொல்லிவிட்டேன். தலைவர் என்னை முன்னால் அழைத்தபோது நாற்காலியிலிருந்து எழாமலே சொன்னேன், இனி என் குரலுக்காக யாரும் வேண்டவேண்டாம், நான் கேட்கவில்லை என்று. டாக்டர் சொன்னதையும் சொன்னேன். நரம்பு தானாக வந்தால் வரும், இல்லாவிட்டால் இதுதான் என் குரல்.

தலைவர் அடுத்த பாட்டைச் சொன்னார்.

அக்கா படிக்கட்டில் பிடித்துக்கொண்டாள்.

“வேண்டாம்னு சொல்றதுக்கு நீ யாருடி? அது உனக்கும் ஆண்டவனுக்கும் மட்டும் உள்ள விஷயமா?”

“பின்னே யாருக்கும் யாருக்கும் உள்ள விஷயம்?”

பேருந்து வந்துவிட்டது, ஏறிப் போய்விட்டாள். ஒரே பேருந்தில்தான் நாங்கள் இருவரும் போவோம். நான் அடுத்த வண்டிக்கு நின்றேன்.

மார்ச் 26, வியாழன்

போகவில்லை.

மார்ச் 27, வெள்ளி

இன்றும்.

மார்ச் 29, ஞாயிறு

ஞாயிற்றுக்கிழமை காலையில் வீட்டில் இருப்பது எப்படி என்று எனக்குத் தெரியவில்லை. அலமாரியை ஒழித்தேன். அடுப்பைத் தேய்த்தேன். அவர், வேண்டுமானால் வண்டி எடுக்கட்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்றேன். எதிர்மரத்தில் துளிர் விட்டிருக்கிறது. எனக்கென்ன. விடட்டும்.

நான் கடவுளிடம் கோபித்துக்கொண்டு வரவில்லை. அது வேறு வழக்கு, அதை நேரில் பேசிக்கொள்வேன். ஆனால் எங்கே பேசுவது? மனசுக்குள் வேண்டிப் பார்த்தேன். எனக்கு வரவில்லை. சின்ன வயதிலிருந்து வாய்விட்டே பழகியவள். மனசுக்குள் தொடங்கினால் நாலாவது வார்த்தையில் கடைச் சாமான் ஞாபகம் வந்துவிடுகிறது. அழுத பிள்ளைதான் பால் குடிக்கும் என்பார்கள். மனசுக்குள் அழுகிற பிள்ளையைப் பற்றி யாரும் ஒன்றும் சொல்லி வைக்கவில்லை.

மார்ச் 31, செவ்வாய்

உலர்த்தி இயந்திரங்கள் எல்லாம் ஒரே நேரத்தில் ஓடிக்கொண்டிருந்தன. பக்கத்தில் நிற்பவர் இருமினால்கூடக் கேட்காது. நாலாவது மாடியிலிருந்து வந்த மூட்டையைப் பிரித்தேன். அங்கே யாரோ ஒருவர் தினமும் இரவு வேர்த்துக்கொட்டுகிறார். துணி பிழிகிற அளவுக்கு நனைந்து வருகிறது. முகம் தெரியாது, பெயர் தெரியாது. துணி மட்டும் தெரியும்.

அதைக் கையில் வைத்துக்கொண்டு, “ஆண்டவனே, இந்த ஆளைப் பாரு,” என்றேன்.

வாய்விட்டு. கரகரவென்று. இயந்திரம் அதற்கு மேல் உறுமியது. எனக்கே என் குரல் கேட்கவில்லை. மூட்டை முடிகிறவரை பேசிக்கொண்டே இருந்தேன். ரத்தக்கறைக்கு ஒரு வார்த்தை. குழந்தைகள் பிரிவின் சின்னத் துணிக்கு ஒரு வார்த்தை. நடுவில் எனக்கும் ஆண்டவனுக்கும் உள்ள வழக்கையும் பேசினேன். மரியாதையாகப் பேசினேன் என்று சொல்லமுடியாது.

கட்டி எடுத்த நாளிலிருந்து இப்படி வேண்டிக்கொண்டதில்லை. வேண்டி முடித்தபோது பசித்தது. நல்ல பசி.

ஏப்ரல் 4, சனி

துணி மடிக்கும் சுருட்டை — முடியால் வந்த பெயர் — என் வாய் அசைவதைப் பார்த்திருக்கிறாள். யாரைத் திட்டுகிறீர்கள் மேஸ்திரி என்று கேட்டாள். வேண்டிக்கொள்கிறேன் என்றேன். அவளுக்குச் சாமி பூதம் எதுவும் கிடையாது. தலையணை உறையை மடித்துக்கொண்டே கேட்டாள்.

“இங்க ஏன் ஒளிஞ்சு வேண்டறீங்க? அதுக்குத்தானே உங்க கூடம் இருக்கு?”

“அங்க என் குரல் ஆகாதாம்.”

“யாருக்கு ஆகாதாம்?”

அவ்வளவுதான் கேட்டாள். அதற்கு மேல் அவளுக்கு அக்கறையும் இல்லை, டீ குடிக்கப் போய்விட்டாள். ஆனால் ஒளிந்து என்றாளே, அந்தச் சொல் பகல் முழுக்கக் குத்தியது. நான் என்ன திருடிவிட்டேனா? என் ஆயுசில் பாதி அந்தக் கூடத்தில் போயிருக்கிறது. தரை துடைத்திருக்கிறேன், திரை தைத்துப் போட்டிருக்கிறேன். இப்போது என் ஆண்டவனோடு பேச, சத்தத்துக்கு அடியில் பதுங்கவேண்டுமா?

ஏப்ரல் 9, வியாழன்

அக்கா விழுந்துவிட்டாள். அவள் குடியிருப்பின் மாடிப்படியில். பக்கத்து வீட்டுக்காரர்தான் எனக்குப் போன் செய்தார். ஓடினேன். சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள், முகம் வெளுத்து, உதடு காய்ந்து. எலும்பு எதுவும் முறியவில்லை, நெற்றியில் மட்டும் வீக்கம். எப்போது சாப்பிட்டாய் என்று கேட்டேன். சமையலறையைத் திறந்து பார்த்தேன். பாத்திரங்கள் எல்லாம் காய்ந்து கவிழ்ந்திருந்தன.

வசந்தப் பிரார்த்தனை தொடங்கிய நாளிலிருந்து பகலெல்லாம் பட்டினி. ராத்திரியில் ஏதோ பேருக்கு ஒரு வாய். என் குரலுக்காக. யாரிடமும் சொல்லவில்லை. நான் வேண்டாம் என்று சொன்ன பிறகு, ராத்திரிச் சாப்பாட்டையும் பாதியாகக் குறைத்திருக்கிறாள்.

“யாரைக் கேட்டு இப்படிப் பண்ண?” என்றேன். எனக்கு வந்த கோபம் சொல்லி மாளாது. சோற்றை வடிக்கும்போது கையில் கஞ்சியை ஊற்றிக்கொண்டேன்.

அவள் தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். “ஆபரேஷனுக்கு முந்தின ராத்திரி நான்தான் வேண்டினேன். அவ உயிரை மட்டும் விடு, வேற எதை வேணா எடுத்துக்கன்னு. எடுத்துக்கிட்டான்டி.”

இத்தனை மாதமாக இதைத்தான் சுமந்துகொண்டு அலைந்தாளா? அதனால்தான் என்னைப் பின்னால் உட்காரவைத்தாள். என் குரல் ஒவ்வொரு தடவை கரகரக்கும்போதும் இவளுக்குத் தீர்ப்பு வாசிப்பதுபோல் இருந்திருக்கிறது.

பக்கத்தில் உட்கார்ந்து, அப்படி ஒரு வியாபாரத்தைச் செய்கிற ஆண்டவன் எனக்குத் தெரிந்தவன் இல்லை என்று சொன்னேன். ஒருவேளை அவன் அப்படித்தான் என்றால் அதையும் நேரில் கேட்டுவிடுகிறேன் என்றேன். அக்கா பயந்துபோய் என் வாயைப் பொத்த வந்தாள். வந்த கையில் சோற்றை உருட்டி வைத்தேன். சாப்பிட்டாள். அழுதுகொண்டே சாப்பிட்டாள். நான் அடுப்பைத் துடைத்தேன், அவள் அழுவதை நான் பார்ப்பது அவளுக்குப் பிடிக்காது.

ஏப்ரல் 12, ஞாயிறு

போனேன்.

ஹீட்டர் பக்கம் போகவில்லை. நடுவரிசையில், எல்லோரும் உட்காருகிற இடத்தில் உட்கார்ந்தேன். அக்கா நெற்றி வீக்கத்தோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். மருமகள் பாடினாள். இன்று அவள் குரல் ஒரு இடத்தில் உடைந்தது. யாரும் கவனித்ததாகத் தெரியவில்லை. பாடுகிறவளுக்குத்தான் அது கேட்கும். பாடினவளுக்கும்.

பொது வேண்டுதல் வந்தது. எழுந்தேன். அக்கா என் கோட்டு நுனியைப் பிடித்து இழுத்தாள், பழைய பழக்கம். கையைத் தட்டிவிட்டேன். சொன்னதை அப்படியே எழுதிவைக்கிறேன், பிறகு நானே நல்லதாக மாற்றிவிடக்கூடாது.

“ஆண்டவனே, என் குரல் போச்சு. ஏன்னு கேட்டேன், நீ சொல்லல. இனிமே அதைக் கேட்க மாட்டேன். இருக்கிறதை வெச்சுத்தான் உன்கிட்ட பேசுவேன். பிடிச்சாலும் கேளு, பிடிக்கலன்னாலும் கேளு. ஆஸ்பத்திரி நாலாவது மாடியில ஒருத்தர் ராத்திரியெல்லாம் வேர்த்துக் கொட்டுறார், அவரைப் பாரு. பட்டினி கிடந்தா நீ மனசு இரங்குவேன்னு எங்க அக்காவுக்கு யார் சொன்னாங்களோ தெரியல. அப்படி இல்லன்னு அவளுக்குச் சொல்லு. நான் சொன்னா கேட்க மாட்டேங்கிறா.”

பாதியில் குரல் முழுக்கப் போய் வெறும் காற்று வந்தது. நிறுத்தி, மூச்சு எடுத்து, மறுபடி சொன்னேன். அவசரப்படவில்லை. ஒரு தாய் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வெளியே போனாள். கதவு சாத்துகிறவரை காத்திருந்து, மிச்சத்தையும் சொல்லி முடித்தேன்.



ஏப்ரல் 13, திங்கள்

தலைவர் வீட்டுக்கே வந்தார். அவர் பக்க நியாயத்தையும் எழுதவேண்டும். கூட்டம் ஆண்டுக்காண்டு குறைகிறது. பிள்ளைகள் உள்ள குடும்பங்கள் போய்விட்டால் கூடத்தில் நாற்காலிகளும் தானும்தான் மிச்சம் என்றார். சொல்லும்போது மனிதர் நிஜமாகவே களைத்திருந்தார். இந்தக் காலம் முடிகிறவரைக்குமாவது, என்று கேட்டார்.

முடியாது என்றேன். பிள்ளைகள் பயந்தால் பக்கத்தில் கூப்பிட்டு, இந்த அம்மாவுக்குத் தொண்டையில் நோவு, அதனால் இப்படிப் பேசுகிறாள் என்று சொல்லுங்கள், பிள்ளைகளுக்குப் புரியும், பெரியவர்களுக்குத்தான் புரியாது என்றேன். வாசலில் பூட்டுப் போட்டால் வாசலில் நின்று வேண்டுவேன் என்றும் சொன்னேன். சும்மா மிரட்டுவதற்கில்லை. நிற்பேன்.

என் வீட்டுக்காரர் டீ கொண்டுவந்து வைத்தார். கடவுள் விஷயத்தில் ஒரு வார்த்தை பேசாத மனிதர், தலைவரிடம் சொன்னார்: “நின்னா குடை பிடிக்க நான் போவேன். யோசிச்சுக்குங்க.”

ஏப்ரல் 16, வியாழன்

பூட்டுப் போடவில்லை. வேண்டினேன். ஒரு குடும்பம் வருவதை நிறுத்திவிட்டது. வருத்தம்தான். நிறுத்தமாட்டேன்.

ஏப்ரல் 24, வெள்ளி

மதியம் துணி வண்டி வந்து நிற்கும் பின்வாசலில் மூட்டை எண்ணிக்கொண்டிருந்தேன். தலைவரின் மருமகள் வந்து நின்றாள். சலவைக்கூடம் எங்கே என்று ஆஸ்பத்திரி முழுக்கக் கேட்டு அலைந்திருக்கிறாள். தலைவர்தான் தூது அனுப்பியிருக்கிறார் என்று நினைத்து, சண்டைக்குத் தயாராக இடுப்பில் கை வைத்தேன்.

இல்லை. பிரார்த்தனைக் காலம் தொடங்கிய வாரத்தில் அவளுக்கு வயிற்றில் இருந்தது கலைந்துவிட்டது. கணவனுக்கு மட்டும் தெரியும். மாமனார் மாமியாரிடம் நல்ல சேதி சொல்லும் முன்பே இல்லாமல் போய்விட்டது. மறுநாள் காலையில் எழுந்து பாடியிருக்கிறாள். அன்றிலிருந்து தினமும், புது வாழ்வு, புதுத் துளிர் என்று. நான் பொறாமைப்பட்டது அந்தக் குரலைத்தான்.

“பாடப் பாட பொய் சொல்ற மாதிரி இருக்கு. எனக்காக நீங்க வேண்டறீங்களா? சத்தமா. உங்க குரல்ல கேட்டா எனக்குப் பொய்யாத் தோணாது.”

மூட்டைகளின் மேல் அவளை உட்காரவைத்தேன். உள்ளே இயந்திரங்களை நிறுத்தச் சொல்லிக் குழாயில் தட்டினேன். நிலவறையே ஓய்ந்தது. சுருட்டை எட்டிப் பார்த்துவிட்டு, மற்றவர்களைக் கூட்டிக்கொண்டு டீ குடிக்கப் போனாள்.

அந்தப் பிள்ளைக்குப் பெயர் வைத்திருந்தாயா என்று கேட்டேன். தலையை ஆட்டினாள். காதோடு சொன்னாள். அந்தப் பெயரைச் சொல்லி வேண்டினேன். என் குரலில் அந்தப் பெயர் பிசிறு பிசிறாகத்தான் வந்தது. அவள் அதைக் கேட்டு, முதல்முறையாக என்று நினைக்கிறேன், சத்தம்போட்டு அழுதாள். நான் நிறுத்தச் சொல்லவில்லை.

மே 3, ஞாயிறு

வசந்தப் பிரார்த்தனை நேற்றோடு முடிந்தது. குரல் வரவில்லை. டாக்டர் ஊசி ஒன்று இருக்கிறது, கொஞ்சம் தெளியலாம் என்கிறார். பார்க்கலாம், எனக்கு அவசரமில்லை.

மருமகள் கடைசி வாரம் பாடவில்லை. மாமனாரிடம் விஷயத்தைச் சொல்லிவிட்டாள். தலைவர் அந்த வாரம் முழுக்க மைக்கைத் தொடவில்லை. நேற்றுக் கோட்டை மாட்டிக்கொள்ளும்போது என்னிடம் வந்தார். அவர் மனைவிக்கு முழங்கால் சரியில்லை, கூடத்துக்கு நடந்துவர முடியவில்லை, வீட்டுக்கு வந்து அவளுக்காக ஒரு வார்த்தை வேண்ட முடியுமா என்று கேட்டார். என்னைப் பார்க்காமல், கோட்டுப் பொத்தானைப் பார்த்துக்கொண்டு கேட்டார். வாய்விட்டுத்தான் வேண்டுவேன் என்றேன். தெரியும் என்றார்.

நாலு மணிக்குப் போகவேண்டும். அக்காவும் கூட வருகிறாள். தனக்கு வாய்விட்டு வேண்டக் கூச்சமாக இருக்கிறதாம், சும்மா உட்கார்ந்திருக்கிறேன் என்கிறாள். வரட்டும். கூச்சம் ஒரே நாளில் போகாது. எனக்கும் இந்தக் குரலோடு அப்படித்தான் இருந்தது.